நாலேகால்

அலைட் நீர்வாரியத்தில் வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் நிலம் கடலைவிடத் தாழ்ந்தது. அதனால் வாய்க்காலில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதில் வருகிற சண்டை கட்சிச் சண்டையைவிட, ஏன், பங்காளிச் சண்டையைவிடவும் பெரியது. மாட்டுப்பண்ணைக்காரர்களுக்குத் தண்ணீர் இறங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் டிராக்டர் புதைகிறது. பறவைச் சங்கத்தாருக்கு ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளான் குருவியின் மூக்கு மண்ணில் இறங்காதாம். பழைய வீட்டுக்காரர்களுக்கு அஸ்திவாரத்து மரக்கம்பங்கள் காயக் கூடாது, காய்ந்தால் உளுத்துப்போகும். அலைட் இவர்கள் எல்லாரையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, காப்பி ஊற்றி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடிவிட்டு, ஒவ்வொருவரையும் பேசவிடுவாள். முடிவில் யாருக்கும் பிடிக்காத, ஆனால் யாரும் எழுந்து போகாத ஒரு மட்டம் வந்து சேரும். அதை அவள் அறிவிப்பாள். இந்த வேலையில் அவளுக்கு நல்ல பேர்.

ஆகவே, தன் கணவன் சீப்ரண்டின் மூளைக்கு எத்தனை வோல்ட் மின்சாரம் போக வேண்டும் என்ற கேள்வி வந்தபோது, ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம் என்றாள். இதில் யாரும் விசேஷமாக எதையும் பார்க்கவில்லை. டாக்டர் உடனே நாட்குறிப்பை எடுத்து எந்தத் தேதி தோதுப்படும் என்று கேட்டார்.

சீப்ரண்டுக்கு இருந்தது அழுக்குப் பயம். அப்படிச் சொன்னால் ஏதோ சுத்தக்காரன் என்று தோன்றும். அந்தக் கதையே இல்லை. பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தவன் ஒரு நாள் சாக்பீஸைத் தொட முடியாமல் பலகைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. காலையில் குளியலறைக்குள் நுழைந்தால் மதியம்தான் வெளியே வருவான். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். கைத்தோல் வெடித்து ரத்தம் கசியும். ரத்தமும் அழுக்குத்தானே என்று மறுபடி கழுவுவான். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று ஊரில் யாரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கை கேட்க வேண்டுமே.

வீடு முழுக்க அந்தக் கைக்குக் கட்டுப்பட்டு நடந்தது. அலைட் வேலை முடிந்து வந்தால் தோட்டத்துக் கொட்டகையில் உடை மாற்றி, முழங்கைவரை கழுவிக்கொண்டு, அன்றைக்கு எதையெதைத் தொட்டாள் என்று கதவுக்கு வெளியே நின்று ஒப்பிக்க வேண்டும். பால் பாக்கெட்டைக் கழுவ வேண்டும். ரொட்டிப் பையைக் கழுவ வேண்டும். அவன் சட்டைகளைத் திரும்பத் திரும்பத் துவைக்க வேண்டும். சும்மா சொல்லக்கூடாது, ஒரு முணுமுணுப்பு இல்லாமல் அத்தனையும் செய்தாள். இப்படி ஒத்துக்கொண்டே போனால் நோய்க்குத்தான் தீனி போடுகிறீர்கள் என்று டாக்டர்கள் சொல்லத்தான் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, சாயங்காலம் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவளல்லவா இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

அவர்களுக்கு ஒரே மகள், யோரிண்டெ. அவளைச் சீப்ரண்ட் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு அவள் நாயைத் தடவுகிற, மணலில் புரளுகிற, மூக்கைச் சிந்துகிற பிள்ளையாக வளர்ந்துவிட்டாள், அவனால் கிட்டே போக முடியவில்லை. நடையில் அப்பா எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட அவள் பழகிக்கொண்டாள். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்து நடையிலும் அப்படித்தான் நடந்தாள். அவளுக்கு அது தெரியாது. ஆசிரியை சொல்லித்தான் அலைட்டுக்கே தெரிந்தது.

மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. பேச்சு சிகிச்சை, அழுக்கைத் தொட வைக்கிற சிகிச்சை, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்க்கிற சிகிச்சை, எதுவும் மிச்சமில்லை. கடைசியில் நகரத்து மருத்துவமனையில் மண்டையில் இரண்டு துளை போட்டு, மூளையின் ஆழத்தில் முடி மாதிரி இரண்டு கம்பிகளை இறக்கி, கழுத்தெலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேட்டரியைத் தைத்துவைத்தார்கள். ஃபென்னா என்கிற நர்ஸ் டி.வி. ரிமோட் போல ஒன்றை அவன் நெஞ்சுக்கு நேரே பிடித்தால் மின்சாரம் ஏறும், இறங்கும். எந்த அளவு சரி என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனநல மருத்துவர் டாக்டர் ஹெஸ்ஸல் சொன்னார். அந்த அம்மாள் எதையும் மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை.

மூன்றரை வோல்ட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. குழாய் கொஞ்சம் முன்னால் நின்றது, அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஐந்துக்கு ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வழியிலேயே சீப்ரண்ட் காரை நிறுத்தச் சொன்னான். சந்தையில் இறங்கி, ஒரு பச்சை ஹெர்ரிங் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, வெங்காயத்தோடு வாயில் இறக்கினான். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். அலைட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிஷ்யூவை நீட்டினாள், அவன் அதை மீன்காரருக்குக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து ஜன்னல்களையெல்லாம் திறந்தான். சமையலறையில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவன் தோளில் முகத்தை வைத்து விக்கி விக்கி அழுதாள். கொட்டகையில் உடை மாற்ற மறந்துபோனதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ரூலீனைக் கட்டிப்பிடித்தான். தபால்காரரைக் கட்டிப்பிடித்தான். தெருவில் ஒவ்வொரு வீடாக மணி அடித்து நலம் விசாரித்தான், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு, எல்லாரும் உருளைக்கிழங்கை மசித்துச் சாப்பிட உட்கார்ந்திருக்கிற நேரத்தில், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல். எங்கள் ஊரில் கொலைகாரனைக்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிப்பது கஷ்டம். சனிக்கிழமை தம்பி வுப்போவின் பண்ணைக்குப் போய் மாடுகளின் நெற்றியிலெல்லாம் முத்தம் கொடுத்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை உணவின்போது, ரொட்டியில் சாக்லேட் தூளைத் தூவிக்கொண்டே, தான் இனி இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை என்று நினைப்பதாகச் சொன்னான். வுப்போவின் மாட்டுக்கொட்டகைக்கு மேல் ஒரு அறை காலியாக இருக்கிறது, அங்கே போகலாம் என்று இருக்கிறான். ஏன் என்று அலைட் கேட்கவில்லை. நாளைக்கு டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம் என்றாள். பேசினாள். டாக்டர் ஹெஸ்ஸல் எல்லாவற்றையும் கேட்டு, மீன், மணி அடித்தது, மாடு, கொட்டகை அறை எல்லாமே மிகைக் கிளர்ச்சியின் அடையாளம் என்றார். திங்கள் மதியம் மறுபடி மூன்றரைக்கு இறக்கிவிட்டார்கள்.

யோரிண்டெ அந்த வார இறுதியில் பள்ளியோடு பெர்லினுக்குச் சுற்றுலா போயிருந்தாள். திங்கள் சாயங்காலம் அவள் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தபோது அப்பா குளியலறையில் இருந்தார், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் ரூலீன்தான் வேலிக்கு மேலாக அவளுக்குச் சொன்னாள்.

"தபால்காரரக்கூடக் கட்டிப்புடிச்சிருக்காரு" என்று யோரிண்டெ அம்மாவிடம் சொன்னாள். "ஊர்ல நான் ஒருத்திதான் பாக்கி."

அலைட் பெட்டியைக் கொட்டகைக்கு எடுத்துப்போய்த் துடைத்தாள்.

இதற்குப் பிறகு ஒரு சிக்கல். நோயாளியின் விருப்பம்தானே முதல் விருப்பம்? டாக்டர் ஹெஸ்ஸல் முறைப்படி சீப்ரண்டையே கேட்டார். திங்களன்று இறக்குவதற்கு முன், ஐந்தில் இருந்தபோது கேட்டதற்கு, இதுதான் நான், இத்தனை வருஷம் எவனோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தான் என்று சொல்லியிருந்தான். மூன்றரையில் கேட்டபோது, அன்றைக்குக் குடித்தவன் மாதிரி ஊரைக் கூட்டியது நான் இல்லை, தயவுசெய்து ஏற்றாதீர்கள் என்றான். அந்தந்த அளவில் இருக்கும்போது அந்தந்த அளவுக்கே ஓட்டுப் போட்டான். இரண்டு ஓட்டும் செல்லும் ஓட்டுதான். டாக்டர் தலையைச் சொறிந்தார், அலைட் கூட்டம் போடலாம் என்றாள்.

கூட்டம் மருத்துவமனையின் நாலாவது மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில் நடந்தது. டாக்டர், ஃபென்னா, அலைட், யோரிண்டெ, மாட்டுப்பண்ணை வுப்போ. மூன்றரையில் இருந்த சீப்ரண்ட் தன் சொந்தத் துண்டை நாற்காலியில் விரித்து, எதன்மேலும் படாமல், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். ஃபென்னா காப்பி ஊற்றினாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட்.

யோரிண்டெ ஐந்து என்றாள். காரணம் கேட்டதற்கு, காரணம் வேண்டுமா என்று திருப்பிக் கேட்டாள். டாக்டர் ஹெஸ்ஸல், ஐந்தில் ஆபத்து இருக்கிறது, சிலர் வேலையை விடுகிறார்கள், பணத்தை விடுகிறார்கள், குடும்பத்தை விடுகிறார்கள், மூன்றரையில் ஆபத்து இல்லை, பயனும் இல்லை என்றார். வுப்போ நீண்ட நேரம் பிஸ்கட்டைப் பார்த்தபடி இருந்தான். அண்ணன் சந்தோஷமாக இருந்தால் தனக்கும் சந்தோஷம் என்றான். மாடுகளும் ஒன்றும் சொல்லவில்லை என்றான். ஆனால் அந்தக் கொட்டகை அறையில் தீவன மூட்டை அடுக்கியிருக்கிறது, அதை எங்கே மாற்றுவது என்பது ஒரு கேள்வி, அதனால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் தேவலை என்றான். சீப்ரண்ட் மூன்றரை என்றான், தரையைப் பார்த்து.

அலைட் கடைசியில் பேசினாள். கடைசியில் பேசுவதுதான் அவள் வழக்கம். எல்லார் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, இரண்டு கோடிக்கும் போகாமல் நடுவில் நின்று பார்க்கலாம், மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடு நாலேகால் என்றாள். நாலேகாலில் ஏதாவது விசேஷம் உண்டா என்று வுப்போ கேட்டான். மருத்துவ ரீதியாக அந்த எண்ணுக்கு ஆதரவாகவும் ஒன்றுமில்லை, எதிராகவும் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். யாரும் எழுந்து போகவில்லை. முடிந்தது. ஃபென்னா ரிமோட்டை எடுத்தாள்.

நாலேகாலை ஊர் மெச்சியது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சீப்ரண்ட் காலைப் பொழுதில் பாதியைத்தான் குளியலறையில் கழித்தான். வேலிக்கு இப்பால் நின்று ரூலீனோடு வானிலை பேசினான். நடுநடுவே ஒரு நகைச்சுவைகூடச் சொல்வான், சொல்லிவிட்டுக் கை கழுவப் போவான். கொட்டகை அறையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அலைட் இரவில் அயர்ந்து தூங்கினாள். அவளுக்கு அவன் வேண்டும். நோயோடோ நோயில்லாமலோ, அவன் அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவள் வாழ்க்கையில் வேறு எதையும் இவ்வளவு விரும்பியதில்லை. கழுவுவதெல்லாம் ஒரு கஷ்டமா, கை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். நீர்வாரியத்தில் சக ஊழியர்கள் கேட்டபோது, நல்ல மட்டம் கிடைத்துவிட்டது என்று சொன்னாள்.

யோரிண்டெ மட்டும் மெச்சவில்லை. அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

மே மாதத்தில் அவளுக்குப் பதினேழாவது பிறந்தநாள். எங்கள் பிறந்தநாள் எப்படி நடக்கும் என்றால், கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். வருகிறவர் வட்டத்தைச் சுற்றி வந்து, பிறந்தநாள்காரருக்கு மட்டுமில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்த வேண்டும். உங்கள் அண்ணன் மகளுக்கு வாழ்த்துகள், உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாழ்த்துகள் என்று. பிறகு உட்கார்ந்து ஒரு துண்டு ஆப்பிள் கேக், ஒரு காப்பி, கடுகோடு பாலாடைக்கட்டித் துண்டுகள், நேரமானதும் வீட்டுக்கு. இத்தனை வருஷமாகச் சீப்ரண்ட் இந்த வட்டத்துக்குள் வந்ததில்லை. மாடியில் இருப்பான். இந்த முறை கீழே இறங்கி வந்தான். தானும் சுற்றி வரப்போவதாகச் சொன்னான்.

எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு நிறுத்தியது தெரியக் கூடாது என்று மறுபடி பேச ஆரம்பித்தார்கள். சீப்ரண்ட் ரூலீனுக்குக் கை கொடுத்தான். ரூலீனின் கணவருக்குக் கொடுத்தான், அதற்குள் அவன் நெற்றி வியர்த்திருந்தது. வுப்போவுக்குக் கொடுத்தான். சாணி நாற்றம் ஒருபோதும் போகாத அந்தக் கையை இரண்டு தடவை குலுக்கினான். ஜன்னலோரத்தில் கடைசி நாற்காலியில் யோரிண்டெ உட்கார்ந்திருந்தாள். அவன் வருவதைப் பார்த்து எழுந்து நின்றாள், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். காலையில் அவள் மணிக்கணக்காகக் கை கழுவியதை அலைட் பார்த்திருந்தாள்.

சீப்ரண்டின் கை எழுந்தது. நெஞ்சு உயரத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

விருந்தாளிகள் பாலாடைக்கட்டித் தட்டைப் பார்த்தார்கள். கடுகு தீரப்போகிறது என்று ரூலீனின் கணவர் யாரிடமோ சொன்னார். கை நின்றது நின்றபடி இருந்தது.

"கை வரல" என்றான் சீப்ரண்ட்.

"பரவால்லப்பா" என்றாள் யோரிண்டெ.

"பரவால்லன்னு சொல்லாத. மூணரையில எனக்கு இது வேணும்னே தோணாது. அஞ்சுல கேக்கவே வேணாம், கை தானா வந்துரும். இப்போ வேணும்னு தோணுது, கை வரல." நிதானமாக, பாடம் நடத்துவது மாதிரி சொன்னான். "இந்த எடத்துல என்னை எதுக்கு நிக்க வெச்சீங்க?"

பிறகு மாடிக்குப் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் நாகரிகமானவர்கள், உடனே எழுந்திருக்கவில்லை. காப்பியைக் குடித்து, கேக்கை முடித்து, வழக்கமான நேரம் வரை இருந்து, நல்ல பிறந்தநாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவரை குழாய் நிற்கவில்லை.

யோரிண்டெ தட்டுகளைத் துடைத்தாள், அலைட் கழுவினாள். பெண் அழுவாள் என்று அலைட் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை, கோபமாகவும் இல்லை. அதுதான் அலைட்டுக்குப் பயமாக இருந்தது.

"நாலேகால் யாருக்காக வெச்சதும்மா?"

"எல்லாருக்காகவுந்தான். நீயும் அங்கதான இருந்த."

"அப்பா வீட்ட விட்டுப் போயிரக் கூடாதுன்னு வெச்சது. போகாத அளவுக்குக் கொறச்சு, பேர் கெடாத அளவுக்கு ஏத்தி." யோரிண்டெ தட்டை அடுக்கினாள். "அவரு வாய்க்கா இல்லம்மா."

வாய்க்கால் என்றால் அலைட்டுக்குத் தெரியும். மட்டத்தை எங்கே வைத்தாலும் தண்ணீர் கோபித்துக்கொள்ளாது. நடுவில் நிற்கவைத்தால் தண்ணீருக்கு வலிக்காது. அவள் கையை உலர்த்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ரூலீனின் கணவர் தாம் இரவல் தந்த நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து, ஐந்துக்கே ஏற்றிவிடலாமா என்று கேட்டாள்.

டாக்டர் ஹெஸ்ஸல் அவளுக்கு ஞாபகப்படுத்தினார். ஐந்துக்குப் போனால் போன தடவை பேசியதை மறுபடி பேசக்கூடும். அலைட் அது தெரியும் என்றாள். இந்த முறை மெதுவாக ஏற்றலாம், மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாம், அப்போது தெருவில் மணி அடிப்பது குறையும், மற்றதற்கு உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக அலைட் சொன்னாள். சொன்னபோது அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சீப்ரண்டைக் கேட்டார்கள். நாலேகாலில் இருந்தவன், முதல் தடவையாக, தான் இருக்கிற அளவுக்கு ஓட்டுப் போடவில்லை. எங்கேயாவது ஒரு பக்கம் போட்டுவிடுங்கள் என்றான்.

சில வாரங்களில் படிப்படியாக ஏற்றினார்கள். ஐந்தைத் தொட வேண்டிய நாளில் மூன்று பேருமாகப் போனார்கள். காலையில் ஃபென்னா ரிமோட்டைப் பிடித்தாள், ஏற்றினாள், மதியத்துக்குப் பிறகு டாக்டர் பார்ப்பார், அதுவரை கீழே உணவகத்தில் காத்திருங்கள் என்றாள். அங்கே போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார்கள். அலைட் பாலாடைக்கட்டி ரொட்டியும் மோரும் வாங்கிவந்தாள். சீப்ரண்ட் தன் துண்டை நாற்காலியில் விரித்தான். எதிரே யோரிண்டெ உட்கார்ந்து போனைப் பார்த்தாள், அதாவது பார்ப்பது மாதிரி இருந்தாள்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அலைட் எழுந்து போய் இன்னொரு மோர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, துண்டு தரையில் கிடந்தது. சீப்ரண்ட் மேஜைக்கு மேலாகக் குனிந்திருந்தான். யோரிண்டெயின் முகம் அவன் இரண்டு கைகளுக்குள் இருந்தது. கன்னத்தை, காதை, நெற்றியில் விழுந்த முடியை, எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். யோரிண்டெக்குத் தன் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவற்றை மேஜைமேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கடைசியில் அவன் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டாள்.

"கை சொரசொரன்னு இருக்குப்பா" என்றாள்.

"கழுவிக் கழுவி அப்படி ஆயிருச்சு" என்றான். "நீ எவ்ளோ பெரிய பொண்ணாயிட்ட."

அலைட் மோரைப் பிடித்தபடி கொஞ்ச தூரத்திலேயே நின்றாள். சந்தோஷம் என்றால் சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம். அவர்கள் இரண்டு பேரும் தன்னை மறந்திருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அதுவும் சந்தோஷமாகவே இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் கொஞ்சம் நகருகிறீர்களா, வழியில் நிற்கிறீர்கள் என்றார். நகர்ந்தாள்.

மதியத்துக்குப் பிறகு மாடிக்குப் போனார்கள். டாக்டர் ஹெஸ்ஸல் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். தூக்கம், பசி, எண்ணங்கள், கழுவ வேண்டும் என்ற உந்துதல். சீப்ரண்ட் ஒழுங்காகப் பதில் சொன்னான். கட்டிப்பிடிக்க எழுந்து வரவில்லை, குரலை உயர்த்தவில்லை. டாக்டருக்குத் திருப்தி. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"அலைட்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் சீப்ரண்ட். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான். "நான் வுப்போகிட்டப் போறேன். உன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நான் சொன்னதையெல்லாம் நீ செஞ்ச. கதவுக்கு வெளிய நின்னு ஒப்பிச்ச. பாக்கெட்டக் கழுவின. இப்போ உன்ன நிமிந்து பாத்தா எனக்குக் குழாய்ச் சத்தம் கேக்குது, அலைட். உன் மூஞ்சியில இருந்துதான் கேக்குது. நீ பக்கத்துல இருந்தா நான் என்னிக்காவது ஒரு நாள் மறுபடி கையக் கழுவிருவேன்."

டாக்டர் ஹெஸ்ஸல் அவன் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். பிறகு அலைட்டைப் பார்த்தார். நல்ல மனுஷி, அவள்மேல் இரக்கப்பட்டார். இது மறுபடி கிளர்ச்சியாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்வதற்கில்லை, வேண்டுமானால் கொஞ்சம் இறக்கிப் பார்க்கலாம், நாலே முக்கால், இல்லை நாலரை, என்ன நினைக்கிறீர்கள் என்று அவளைக் கேட்டார். ஃபென்னா ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

எல்லாரும் அலைட்டைப் பார்த்தார்கள். சீப்ரண்டும் பார்த்தான். எத்தனை இறக்கினால் தன் வாய் மூடிக்கொள்ளும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாலரை என்று சொன்னால் போதும். சாயங்காலம் மூன்று பேரும் ஒரே காரில் வீட்டுக்குப் போகலாம், அவன் மாடிக்குப் போவான், அவள் பாலைக் கழுவுவாள். அவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்றால், நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"வேணாம் டாக்டர்" என்றாள். "இதுல ஜாஸ்தி ஒண்ணுமில்ல. அவரு பேசறாரு, அவ்வளவுதான்."

ஃபென்னா ரிமோட்டை மேஜைமேல் வைத்தாள்.

அலைட் கணவனைப் பார்த்தாள். "எனக்கும் உன்னப் பாத்தா அந்தச் சத்தந்தான் கேக்குது" என்றாள். "ஆனா நான் அதக் கேட்டுக்கிட்டே இருந்திருப்பேன்."

"தெரியும். அதான் எனக்குப் பயம்."

அவள் அழுதாள். மறைக்கவில்லை, மூக்கைச் சிந்தினாள். யோரிண்டெ அவள் தோளில் கைவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அலைட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடக்க வேண்டியதைப் பார்க்கிறவளாக, ஞாயிற்றுக்கிழமை வரை இரு, தீவன மூட்டையை எங்கே வைப்பது என்று வுப்போவிடம் பேச வேண்டும், அதற்குள் உன் சட்டைகளையெல்லாம் துவைத்து அடுக்கித் தருகிறேன் என்றாள்.

சீப்ரண்ட் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தான். அவள் கையும் அவன் கை மாதிரியேதான் வெடித்திருந்தது.

"தொவைக்காத" என்றான். "அப்படியே குடு."